பாவடித் தெருவின் மூச்சு

மாதத்துக்கு ஒருநாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளைப் பழுதுபார்ப்பார்கள் என்பதும், அந்த ஒருநாள் மட்டும் பள்ளிபாளையம் பாவடித் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓய்ந்து ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அப்படியொரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, எழுபத்து நான்கு வயது அர்த்தநாரியை ஈரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி, தொண்டைக்குள் ஒரு குழாயும் குழாயின் நுனியில் ஒரு ரப்பர்ப் பையுமாக, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். தெரு அதை மூச்சுப் பை என்றது. அதை அமுக்கினால் அர்த்தநாரியின் மார்பு ஏறும், விட்டால் இறங்கும். அவ்வளவுதான் அவருக்கும் உயிருக்கும் பாக்கியிருந்த தொடர்பு.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பன்னிரண்டு நாள் அவர் இயந்திரத்தின் மூச்சில் கிடந்தார். பதின்மூன்றாம் நாளான புதன்கிழமை டாக்டர் அவருடைய மகன் செங்கோட்டுவேலைத் தனியாக அழைத்து, இனி இவர் எழமாட்டார் என்றும், இப்படியொரு நிலை வந்தால் என்னை இயந்திரத்தில் வைக்காதீர்கள் என்று உங்கள் அப்பா நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். அர்த்தநாரி வாழ்நாளில் எழுதியதெல்லாம் பாவு நூல் சுற்றிய உருளைகளின் மேல் சாக்பீஸால் போட்ட எண்கள்தான். காகிதம் இல்லாவிட்டாலும் சட்டத்தில் வழி உண்டு, முதலில் மூன்று டாக்டர்கள் உட்கார வேண்டும், பிறகு வேறு மூன்று டாக்டர்கள், குடும்பம் சம்மதிக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும், இங்கே இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டு, எல்லோரும் செய்கிற இன்னொன்றைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். செங்கோட்டுவேல், எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று அச்சடித்திருந்த தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஆம்புலன்ஸ் டிரைவர் அவன் கையைப் பிடித்து, அமுக்கி, விட்டு, மனசுக்குள் மூன்று எண்ணி, மறுபடி அமுக்கக் கற்றுக்கொடுத்தான். வீட்டுக்குப் போய், பார்க்க வேண்டியவர்கள் பார்த்து, பால் ஊற்ற வேண்டியவர்கள் ஊற்றிய பிறகு கையை எடுத்துவிடலாம் என்றும், அதற்கு யாரும் வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கையை எடுப்பது யார் என்பதை யாரும் பேசவில்லை. எப்போது என்பது மட்டும் முடிவாகியிருந்தது. அர்த்தநாரியின் மூத்த மகள் சம்பூர்ணம், கல்யாணமாகி முப்பது வருடமாக மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டியில் தறி ஓட்டுகிறவள், அப்போது ரயிலில் ஏறியிருந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். நான் வந்து ஒரு வாய் பால் ஊத்தற வரைக்கும் கையை எடுத்துப் போடாதீங்க என்று அவள் ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலிருந்தும் போனில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மின்சாரம் இல்லாத நாளாக இருந்தது தெருவுக்கு வசதியாகப் போயிற்று. ஷிப்ட் பார்த்தே பழகிய ஜனங்கள். எதிர்வீட்டுக் கந்தப்பன், எட்டுத் தறி வைத்திருப்பவன், சுவரில் சாக்பீஸால் வீட்டுக்குக் கால்மணி நேரம் என்று முறை எழுதிவிட்டான். வீட்டுக்கு ஒருவராக வந்து கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அர்த்தநாரிக்கு மூச்சு விட்டார்கள். பாவு பிணைக்கிற விரல்கள், நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் மாட்டுகிற விரல்கள், சேலை மடிக்கிற விரல்கள், பஜ்ஜி போடுகிறவளின் எண்ணெய் வாசனை விரல்கள் எல்லாம் அவருக்குள் போய்ப் போய் வந்தன. பகலெல்லாம் இப்படியே போயிற்று. யாருக்கும் கை வலிக்கவில்லை.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு மின்சாரம் வந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை, நானூறு தறிகளும் ஒரே மூச்சில் அடிக்க ஆரம்பித்தன, வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும், ஒருநாள் நெசவு போயிற்றே என்று, இதோ ஒரு தார் மாற்றிவிட்டு வருகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டு அவரவர் பட்டறைக்கு ஓடினார்கள். செங்கோட்டுவேலின் மனைவி கோகிலாவும் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் தங்கள் நான்கு தறிகளையும் தட்டிவிடப் போனாள். அவன் அம்மா பாவாயம்மாள் சமையல்கட்டு நிலையில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தாள். பை செங்கோட்டுவேலின் கைக்கு வந்தது. அவனுக்கு அடுத்த முறைக்காரர் யாரும் வரவில்லை.

தறி ஓடுகிற இடத்தில் வாய்ப்பேச்சுக்கு வேலை கிடையாது. எல்லாம் கைதான். கட்டைவிரலை ஆட்டினால் தார் தீர்ந்தது, சுட்டுவிரலைச் சுற்றினால் டீ சொல்லு, உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தடவை தாழ்த்தினால் தறியை நிறுத்து. ஐந்து மணி பத்து நிமிடம் இருக்கும், பதின்மூன்று நாளாக அசையாத அர்த்தநாரியின் வலது கை போர்வை மேல் கவிழ்ந்து, இரண்டு தடவை தாழ்ந்தது. கையோ காலோ சில சமயம் துடிக்கும், அதற்கு அர்த்தம் கிடையாது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது செங்கோட்டுவேலுக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தக் கை அப்படித் தாழ்ந்ததைப் பார்த்து முப்பது வருடமாகத் தறியை நிறுத்தியது அவனுடைய கை. அது யாரையும் கேட்கவில்லை. பையைக் குழாயிலிருந்து கழற்றி அப்பாவின் மார்பின் மேல் வைத்தது.

அப்பாவின் மார்பு தானாக ஒரு தடவை ஏறியது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை. அது இறங்குவதற்குள் பட்டறையில் மூன்றாவது தறியின் சத்தம் மாறியது, இழை அறுந்துவிட்டது என்று அவன் காது சொன்னது, அவன் எழுந்து போனான். கட்டிலிலிருந்து மூன்றாவது தறிக்குப் பத்தடி. கோகிலா ஏற்கெனவே அந்தத் தறியை நிறுத்த எட்டிக்கொண்டிருந்தாள், அவன் அவளை விலக்கிவிட்டு அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிந்து, பல்லில் கடித்து, தறியைத் தட்டிவிட்டு, துணி ஒரு சாண் நெய்து வருகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அர்த்தநாரி முடிந்திருந்தார். அவர் மார்பின் மேல் பை மட்டும் அமுங்கியது, உப்பியது, அமுங்கியது. யார் கையும் அதன் மேல் இல்லை.

அவன் அதைக் குழாயில் மறுபடி பொருத்திப் பார்த்தான். பை மூச்சு விட்டது, உடம்பு வாங்கவில்லை. அப்புறம் வெளியே வந்து, தெருவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். ஒவ்வொரு பட்டறையாகத் தறிகள் நின்றன. என் கையில் இருக்கும்போதே போய்விட்டார் என்று சொன்னான். அதில் ஒரு வார்த்தை மட்டும்தான் பொய் என்று அன்றைக்கு அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை சம்பூர்ணம் ரயிலில் வந்து இறங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்து கிடந்த அப்பாவைப் பார்த்து அலறப் போனவள், பக்கத்தில் தலையணை மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பையைப் பார்த்து அப்படியே நின்றாள். கந்தப்பன் விஷயத்தைச் சொன்னான். அவள் பால் தம்ளரை வாங்கி அப்பாவின் உதட்டில் ஒரு சொட்டும் பையின் மேல் ஒரு சொட்டும் விட்டாள். அப்பா எனக்காகத்தான் மூச்சை வெச்சுட்டுப் போயிருக்காரு என்று அவள் சொன்னபோது தெருவுக்கே அது பட்டென்று விளங்கிவிட்டது. பெண் வந்து பார்க்கிற வரைக்கும் காத்திருக்கிறது, பார்த்துவிட்டாள், இனி நின்றுவிடும் என்று எல்லோரும் சற்று நேரம் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நிற்கவில்லை. பிணம் வெயிலுக்கு முன்னால் போயாக வேண்டுமே என்று தூக்கினார்கள். ஆற்றங்கரையில் அர்த்தநாரி எரிந்தார். கட்டிலில் அவர் மூச்சு ஓடியது.

இதனால் வேலை எதுவும் தடைப்படவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சான்று எழுத வந்த டாக்டர், உடம்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பையைத் திருப்பிப் பார்த்து, வால்வில் ஏதோ கோளாறு என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். நகராட்சிக் குமாஸ்தா, மூச்சு நின்ற நேரம் என்ன என்று கேட்டு, தெரு இரண்டாகப் பிரிந்து பதில் சொன்னதில் குழம்பி, தானே வந்து அரைமணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, படிவத்தில் உடம்புக்குத்தான் கட்டம் இருக்கிறது என்று ஐந்து இருபது என எழுதிக்கொண்டு போனார். கருமாதிக்கு வந்த ஐயர், போன உடம்புக்குப் பிண்டம் உண்டு, இருக்கிற மூச்சுக்கு மந்திரம் இல்லை, அதை அது பாட்டுக்கு விடுங்கள் என்றார்.

பாவாயம்மாளின் தாலிதான் பெரிய பேச்சாக இருந்தது. தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து, உடம்பு வெந்துவிட்டதால் பூ வைக்கக் கூடாது, மூச்சு வீட்டுக்குள்ளேயே ஓடுவதால் தாலியைக் கழற்றவும் கூடாது என்று தீர்த்தார்கள். வளையலைப் பற்றி முடிவு வராமல் அது கையிலேயே கிடந்தது. கந்தப்பனின் மாமியார் மட்டும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, ஏனுங்க அக்கா, பேருக்கேத்த மாதிரியே உங்க ஊட்டுக்காரரு பாதி போயிட்டாரு, பாதி இருக்கறாரு என்றாள். சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாவாயம்மாள் முதலில் சிரித்தாள்.

பெண்ணுக்காகக் காத்திருக்கவில்லை என்றால் பின்னே எதற்காக ஓடுகிறது என்ற கேள்வி பதினாறாம் நாளுக்கு அப்புறம்தான் தெருவுக்குள் நுழைந்தது. யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. அவரவர் தன்னைத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

கந்தப்பன்தான் முதலில் வந்தான். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, என்னுடைய கால்மணி நேரத்தில் இடது கையால் பையை அமுக்கிக்கொண்டே வலது கையால் போனில் நூல் விலை பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு மூச்சு தவறியிருக்கும், மூன்றுகூட இருக்கலாம் என்று பையிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான். அவன் சொன்னது தெரிந்ததும் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். பஜ்ஜிக்காரி, அடுப்பில் எண்ணெய் காய்கிறதே, இது சட்டென்று முடிந்தால் தேவலை என்று நினைத்ததைச் சொன்னாள். தறி வேகத்துக்கு அமுக்கிவிட்டேன் என்று ஒருவன், பயந்து மெல்ல அமுக்கிவிட்டேன் என்று ஒருவன், அவர் வாயைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அமுக்கினேன் என்று ஒருத்தி, மின்சாரம் வந்ததும் முதலில் ஓடியது நான்தான் என்று நான்கு பேர். என் அப்பனுக்கு நான் இந்தக் கால்மணி நேரம்கூடச் செய்யவில்லை, போர்வையை முகத்துக்கு இழுத்துவிட்டு வயலுக்குப் போனேன் என்று சொல்லி ஒரு பெரியவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர்கூட ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, எத்தனையோ பேரை இப்படி வாசலில் இறக்கி, கையை எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு வாசலையும் தாண்டி உள்ளே வந்ததில்லை என்றான்.

வருகிறவர்களுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர்கள் சொல்வதை நின்று கேட்டு அனுப்புகிறவன் செங்கோட்டுவேல்தான். இரண்டு மூச்சு தவறியதற்கு அழுகிறவர்களை அவன் தோளில் தட்டி அனுப்பினான். ஒவ்வொருவர் சொல்லிவிட்டுப் போகும்போதும் அவன் வாய்க்குள் இருந்தது இன்னும் கொஞ்சம் கனத்தது. பெரியதை வைத்திருக்கிறவன் சின்னதுகளுக்கு நடுவில் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆட்கள் இல்லாத நேரத்தில் அவன் அந்த ஸ்டூலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பிவண்டிக்குத் திரும்பிப் போன சம்பூர்ணம் தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்தாள். அவன்தான் போனைப் பைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அப்பா, நான்தான், இன்னைக்கு ரெண்டு பாவு எறங்குது என்று அவள் பேசுவாள், பை ஏறி இறங்கும், போதும்டா வேலு, கையை ஆட்டாம புடிக்க மாட்டியா என்று அவனைத் திட்டுவாள். பிவண்டியில் அக்கம்பக்கத்து மராட்டிப் பெண்களையும் கூட்டிவந்து காட்டுவாள். எங்கப்பா எனக்காக நிறுத்தி வெச்ச மூச்சு என்று அவர்கள் பாஷையில் அவள் சொல்வது அவனுக்குப் புரியாது, ஆனாலும் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த அப்பா போய்விடுவார் என்று நினைத்தான். சொல்லாமல் இருப்பதற்கு அது நல்ல காரணமாக இருந்தது. அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்பதை அவனே பாதிதான் நம்பினான்.

இதற்கிடையில் தெரு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நமக்கும் ஒருநாள் இப்படி வரும், அன்றைக்கு இன்னொருவன் கையில் பாவத்தை வைத்துவிட்டுப் போகக் கூடாது, இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும் என்பது அந்த முடிவு. திருச்செங்கோட்டிலிருந்து நோட்டரி வக்கீல் வையாபுரியை வரவழைத்தார்கள். அவர் வியாழக்கிழமைதோறும் முத்திரையும் மைப்பெட்டியுமாக வந்து, எந்த நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம், பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது, ஒருவர் பெயருக்கு மேலும் போடலாம், இரண்டு சாட்சி வேண்டும், வெளியாட்களாக இருந்தால் நல்லது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி எழுதிக்கொடுத்தார். எழுத வந்தவர்கள் அவர் கேட்காததையெல்லாம் சொன்னார்கள். மின்சாரம் இருக்கும்போது கையை எடுக்கக் கூடாது என்று ஒருவர். மூத்த மருமகள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று ஒருத்தி. தேர் முடிவதற்குள் வேண்டாம் என்றார் ஒருவர். நூல் விலை பார்க்கிறவன் கையில் பையைக் கொடுக்காதீர்கள் என்று ஒருவர் எழுதச் சொல்ல, கந்தப்பன் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. இவற்றுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று வையாபுரி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

பொங்கலுக்குச் சம்பூர்ணம் வந்திருந்த வாரம் பாவாயம்மாள், எனக்கும் எழுதிப்போடுங்க என்றாள். மூச்சை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றதால் வையாபுரியே வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பேசுவது கேட்க வேண்டுமே என்று கோகிலா நான்கு தறிகளையும் நிறுத்தினாள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள். சாட்சிக்குக் கந்தப்பனும் பஜ்ஜிக்காரியும் வந்து சுவரோரம் நின்றார்கள். மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. யார் முடிவெடுப்பது என்று வையாபுரி கேட்டபோது, பாவாயம்மாள், வேலுதான் என்றாள்.

சம்பூர்ணம் சிரித்துவிட்டாள். “இவனா? கோழி அறுக்கறப்பவே ஊட்டுக்குப் பின்னால ஓடிப்போறவன். இவனை நம்பி எழுதறீங்களே.”

“அதுக்குத்தான் ஒரு வரி சேத்தி எழுதச் சொல்லப்போறேன்” என்றாள் பாவாயம்மாள். வையாபுரி பேனாவை உயர்த்தினார். “கையை எடுத்துப்போட்டு எந்திரிச்சுப் போகக் கூடாது. முடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கோணும். அப்படின்னு எழுதுங்க.”

யார் எதை நிறுத்துவது என்றுதான் சட்டம் பேசும், நிறுத்திய பிறகு எங்கே உட்காருவது என்று பேசாது என்று வையாபுரி வழக்கம்போல ஆரம்பித்தார். சட்டத்தில் இல்லாவிட்டால் போகட்டும், இது எம்பட காகிதம்தானுங்களே என்றாள் பாவாயம்மாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். வையாபுரி எழுத ஆரம்பித்தார். சம்பூர்ணத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி இருந்தது, அது போவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

“எந்திரிச்சுப் போனதாரு?” என்று அவள் கேட்டாள்.

செங்கோட்டுவேல் மூன்று மாதமாகத் தேடிய இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. “நான்தாங்க்கா” என்றான். “அப்பா தானாப் போகலை. நான் கையை எடுத்துட்டேன். நீ வர்றதுக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்துச்சு.” அப்புறம், மன்னிப்புக்காக இல்லை, நடந்தது அதுதான் என்பதற்காக, “அப்பா கையைக் கவுத்திக் காட்டுனாரு” என்றான்.

சம்பூர்ணமும் தறிக்காரிதான். தன் உள்ளங்கையைத் தொடையின் மேல் கவிழ்த்து இரண்டு தடவை தாழ்த்தினாள். “இப்படியா?”

“அப்படித்தான். டாக்டரு, அது சும்மா துடிக்கறதுன்னாரு.”

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா காட்டியிருந்தா நானும் நிறுத்தியிருப்பேன்” என்றாள். “அப்புறம்?”

“மூணாந்தறியில இழை அறுந்துச்சு.”

“அதனால?”

“போனேன்.”

“கோகிலா அங்கதான இருந்தா?”

“இருந்தா.”

“நான் முப்பது மணி நேரம் ரயில்ல உக்காந்து வந்தேன்டா” என்றாள் சம்பூர்ணம். குரல் ஏறவில்லை. “நீ பத்தடி தள்ளி நின்னு இழை முடிஞ்சுட்டு இருந்தியா. அப்பா பக்கத்துல அப்ப யாருமே இல்லையா?”

இல்லை என்று அவன் தலையை அசைத்தான். அப்போது பாவாயம்மாள், அவனைத் திட்டாதே என்றோ, போனது போகட்டும் என்றோ சொல்லப்போகிறாள் என்றுதான் கந்தப்பன் நினைத்தானாம். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

“நான் தூங்கலை சாமி” என்றாள். “கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ கழட்டுனதும் தெரியும், எந்திரிச்சுப் போனதும் தெரியும். அவரு அதுக்கப்புறம் ஒம்பது தடவை மூச்சு இழுத்தாரு. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஆறடிதான். எனக்கும் எந்திரிக்க முடியலை.”

ஒன்பது என்ற எண்ணை அவன் அன்றைக்குத்தான் கேட்டான். ஒரு இழை முடிய அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு சாண் துணிக்காக மீதி நேரமெல்லாம் தான் அங்கே நின்றிருந்ததை அவன் மனசு அந்த ஒன்பதால் வகுத்துப் பார்த்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும், திரும்பி வர எத்தனை தடவை நேரம் இருந்திருக்கும் என்று. அவன் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இனி மறைக்க ஒன்றுமில்லாத அந்த அறையில் இருந்த எல்லோரும், பாவாயம்மாள் உட்பட, எழுதிக்கொண்டிருந்த வையாபுரி உட்பட, பையைப் பார்த்தார்கள். எல்லாம் சொல்லியாயிற்றே என்கிற பார்வை அது. பை அமுங்கியது, உப்பியது, அமுங்கியது. யார் எதைச் சொன்னார்கள் என்பது அதற்குச் சம்பந்தமில்லாதது போல அது தன் பாட்டுக்கு ஓடியது.

முதலில் பார்வையை எடுத்துக்கொண்டவர் வையாபுரிதான். தொண்டையைச் செருமி, எழுதிய வரியை ஒருமுறை வாசித்துக்காட்டி, செங்கோட்டுவேலிடம் பேனாவை நீட்டினார். உனக்குச் சம்மதமா என்று சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். அவன் அந்த வரியின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டான். அவன் பெயரின் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.

சம்பூர்ணம் வாசல்வரை போய்விட்டாள். போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே நின்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து மேசையின் மேல் குனிந்தாள்.

“ஒருத்தர் பேருக்கு மேலயும் போடலாம்னு சொன்னீங்கள்ல வக்கீலய்யா? எம் பேரையும் எழுதுங்க.”

போடலாம் என்றார் வையாபுரி. நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற அதிகாரத்தில் உங்களுக்கும் பங்கு வேண்டும், அப்படித்தானே என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார்.

“இல்லீங்க. அதை அவனே பாத்துக்கட்டும்” என்றாள் சம்பூர்ணம். “இவன் எந்திரிச்சா புடிச்சு உக்கார வெக்கறதுக்கு.”

வையாபுரி அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதி, அதற்குக் கீழே, அவள் சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல் எழுதினார்.